ருசிபார்த்துப் போ, தங்கிப் பெருகு

தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் பழைய சாலையில் ஒரே நாளில் இரண்டு நோயாளிகளைப் பார்த்தேன். இரண்டும் செடிகள். ஒன்று அடிவாரத்தில், சொந்தக்காரர் வீட்டு வாசலில் பெயிண்ட் வாளிக்குள் வளர்ந்த தக்காளி. மற்றது மேலே ஹாபு பக்கம், தேயிலைத் தோட்டத்து லயத்தின் பின்புறம் சின்னம்மா போட்டிருந்த மிளகாய்.

தக்காளியின் இலைகள் கிண்ணம்போல மேல்நோக்கிக் குவிந்து, ஓரம் மஞ்சளாகி, நுனியில் விளக்குமாறு கட்டியதுபோல நெருங்கிக் கிடந்தன. பூ வந்திருந்தது, காய் நிற்கவில்லை. தண்டை லேசாகத் தட்டினேன். சாம்பல் பறப்பதுபோல வெள்ளைத் துகள்கள் எழும்பி, ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, திரும்ப அதே செடியிலேயே உட்கார்ந்தன. வெள்ளை ஈ. ஒன்று ஒரு மில்லிமீட்டர் இருந்தால் அதிகம்.

மிளகாயில் இப்படிச் சுருளல் இல்லை. நரம்பை ஒட்டிக் கரும்பச்சைப் பட்டை, இடையிடையே வெளிறிய திட்டு. இலையைத் திருப்பினால் உரித்துப்போட்ட வெள்ளைத் தோல்கள், விரலில் ஒட்டும் தேன்கழிவு, அதற்காக வந்த எறும்பு வரிசை, நாலைந்து அசுவினிகள். கூட்டம் என்று சொல்லும்படி இல்லை. சின்னம்மா முந்தின வாரம்தான் மருந்து அடித்திருந்தார்.

“மருந்தடிச்சா பூச்சி செத்துப்போவுது. பொறவும் அடுத்த செடிக்கு எப்படிடா இது போவுது?” என்று கேட்டார். தாப்பாவில் தக்காளிக்காரர் சொன்னது வேறு. வலை கட்டி, நாற்றிலேயே மருந்து கொடுத்த பிறகு, அடுத்து வைத்த செடிகள் பரவாயில்லையாம். ஒரே கடையில் வாங்கிய மருந்து. ஒரு வீட்டில் கொஞ்சம் கேட்கிறது, இன்னொரு வீட்டில் கேட்கவே மாட்டேன் என்கிறது. இந்த இரண்டு செடிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் சின்னம்மாவுக்குப் பதில் சொல்ல முடியும்.

முதலில் பெயர்களைச் சொல்லிவிடலாம். மிளகாயில் இப்படிப் பட்டை போடுவது பெரும்பாலும் மிளகாய் நரம்புத் தேமல் வைரஸ். 1979இல் அதை முதலில் விவரித்ததே மலேசிய மிளகாயிலிருந்துதான். ஆய்வகத்தில் சோதிக்காமல் அடித்துச் சொல்ல முடியாது. வெள்ளரித் தேமல் வைரஸும் ஏறக்குறைய இதே கோலம் போடும், பல நேரம் இரண்டும் ஒரே செடியில் கூட்டாக இருக்கும். எதுவானாலும் நான் சொல்ல வருவது மாறாது, இரண்டுமே அசுவினியின் வாயில் ஒட்டிக்கொண்டு போகிறவை. தக்காளியைச் சுருட்டுவது வெள்ளை ஈ சுமக்கும் இலைச்சுருட்டை வைரஸ் கூட்டம். அந்தக் கூட்டத்தில் மலேசியாவின் பெயரையே தாங்கிய ஓர் இனமும் உண்டு.

வைரஸுக்குக் காலும் இல்லை, இறக்கையும் இல்லை. செடியும் நட்ட இடத்தை விட்டு நகராது. ஆகவே யாராவது தூக்கிக்கொண்டு போனால்தான் உண்டு. தூக்கிப்போகும் விதத்தை வைத்து வாட்சனும் ராபர்ட்ஸும் 1939இல் இந்த வைரஸ்களை இரண்டாகப் பிரித்தார்கள்: பூச்சியிடம் நிலைக்காதவை, நிலைப்பவை. மிளகாயில் இருப்பது முதல் வகை, தக்காளியில் இருப்பது இரண்டாவது.

அசுவினி ஓர் இலையில் இறங்கியதும் என்ன செய்கிறது? கண்ணால் பார்த்தோ மோந்தோ மட்டும் அது முடிவெடுப்பதில்லை. ஊசி மூக்கை மேல்தோல் செல்லுக்குள் சில நொடி விட்டு, ஒரு துளி உமிழ்நீர் விட்டு, ஒரு துளி உறிஞ்சிப் பார்க்கும். கறிவேப்பிலையைக் கிள்ளி நாக்கில் வைத்துப் பார்த்து வாங்குகிற மாதிரி. பிடித்தால் ஆழமாக ஊசி இறக்கிச் சாற்றுக்குழாயைத் தேடும், பிடிக்காவிட்டால் அடுத்த இலை, அடுத்த செடி. இந்தச் சில நொடி ருசிபார்ப்பிலேயே மிளகாய் வைரஸ் ஊசியின் நுனியில் ஒட்டிக்கொள்கிறது. வயிற்றுக்குள் போவதில்லை. காத்திருக்கும் காலமும் இல்லை. அடுத்த செடியில் அடுத்த குத்திலேயே இறங்கிவிடும். சில குத்துகளிலேயே ஊசி துடைபட்டுச் சுத்தமாகிவிடும்; எப்படியும் சில மணி நேரத்துக்கு மேல் அந்தச் சரக்கு தாங்காது.

இவ்வளவு நுணுக்கமாக இதை எப்படி அறிந்தார்கள் என்பதே தனிக் கதை. அசுவினியின் முதுகில் வெள்ளிப் பசையால் முடியை விட மெல்லிய தங்கக் கம்பியை ஒட்டுகிறார்கள். தொட்டி மண்ணில் இன்னொரு கம்பி. பூச்சி ஊசியை இறக்கியதும் சுற்று மூடிக்கொள்கிறது, திரையில் கோடு ஓடுகிறது. ஒரு செல்லின் சவ்வைத் துளைத்தால் மின்னழுத்தம் சட்டென்று கீழே விழும். ஊசி வெளியே வந்தால் மேலே ஏறும். அந்தப் பள்ளம் ஒவ்வொன்றும் சில நொடிகள். அந்தப் பள்ளத்தில்தான் மிளகாய்த் தோட்டத்தின் தலையெழுத்து இருக்கிறது.

வெள்ளை ஈயின் கதை முழுக்க வேறு. இலைச்சுருட்டை வைரஸ் செடியின் சாற்றுக்குழாயில் மட்டும்தான் குடியிருக்கிறது. ஈ அதுவரை ஊசியை இறக்கி, நிதானமாக உட்கார்ந்து குடிக்க வேண்டும். கால் மணி, அரை மணி ஆகும். குடித்த வைரஸ் குடல் சுவரைக் கடந்து, உடற்குழி நீரில் மிதந்து, உமிழ்நீர்ச் சுரப்பியை எட்ட வேண்டும். அதற்குப் பல மணி நேரம். அந்தப் பயணத்தில் வைரஸ் அழியாமல் காப்பது ஈயின் உடலில் குடியிருக்கும் பாக்டீரியா சுரக்கும் ஒரு புரதம் என்பது ஆச்சரியமான உபகதை. ஒருமுறை சுரப்பியை எட்டிவிட்டால் அந்த ஈ வாரக்கணக்கில், பெரும்பாலும் சாகும்வரை, போகிற செடிக்கெல்லாம் வைரஸைக் கொடுத்துக்கொண்டே இருக்கும்.

ஆக, மிளகாய் வைரஸுக்கு வேண்டியது ருசிபார்த்துவிட்டு உடனே கிளம்பும் பூச்சி. உட்கார்ந்து வயிறாரக் குடிக்கும் அசுவினியால் அதற்கு நட்டம்தான். தக்காளி வைரஸுக்கு வேண்டியது உட்கார்ந்து குடித்து, முட்டையிட்டு, பெருகி, பிறகு பறக்கும் பூச்சி. ஒன்றுக்கு ‘வா, போ’. மற்றதற்கு ‘வா, தங்கு’. நான் இந்தத் துறைக்குள் எட்டிப்பார்த்தபோது திகைக்க வைத்தது இதற்கு அடுத்த படி: இரண்டு வைரஸும் தமக்கு வேண்டிய இந்த விருந்தோம்பலைச் செடியைக் கொண்டே செய்துகொள்கின்றன.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் மாக், டி மொரேஸ், மெஷர் மூவரும் 2010இல் வெளியிட்ட ஆய்வு இதில் ஒரு மைல்கல். வெள்ளரித் தேமல் வைரஸ் தொற்றிய பூசணிச் செடியை எடுத்துக்கொண்டார்கள். நோயுற்ற செடி நல்ல செடியைப் போலவேதான் மணத்தது, ஆனால் கூடுதலாக மணத்தது. அசுவினிகள் அந்த மணத்தை நோக்கி வந்தன. வந்து ஊசி விட்டுப் பார்த்தால் சாறு மட்டம். தங்கவில்லை, பெருகவில்லை, சீக்கிரமே கிளம்பிவிட்டன. ஊசி நுனியில் வைரஸோடு. பெயர்ப்பலகையில் பிரியாணி, உள்ளே பழைய சோறு என்றால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்கு ஓடத்தானே செய்வார்? அவர் ஓட வேண்டும் என்பதுதான் இங்கே முதலாளியின் திட்டம்.

மறுபக்கம் சீனாவின் ஜெஜியாங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2007இல் காட்டியது. சீனத் தக்காளி மஞ்சள் இலைச்சுருட்டை வைரஸ் தொற்றிய புகையிலையில் வளர்ந்த வெள்ளை ஈ, நல்ல புகையிலையில் வளர்ந்ததை விட 18 மடங்கு முட்டையிட்டது. 7 மடங்கு நீண்ட நாள் வாழ்ந்தது. புகையிலை அந்த ஈக்கு உகந்த உணவே இல்லை, அதனால்தான் தாவல் இவ்வளவு பெரிது. ஆனால் கவனிக்க வேண்டியது அதுதான்: உண்ணத் தகாத செடியை வைரஸ் விருந்தாக்கிக் கொடுத்திருக்கிறது. அதிலும் ஒரு நுட்பம். இந்தச் சலுகை வெளியிலிருந்து வந்து பரவிய ஈ வகைக்குத்தான் கிடைத்தது. உள்ளூர் ஈக்கு அதே செடியில் பெரிய லாபம் எதுவும் இல்லை. வந்தேறி ஈ சீனாவில் ஏன் அவ்வளவு வேகமாகப் பரவியது என்பதற்கு இது ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். அசுவினி வேறு, வெள்ளை ஈ வேறு. மிளகாய் வேறு, தக்காளி வேறு. வேற்றுமை பூச்சியால் வந்ததா, வைரஸ் பயணிக்கும் விதத்தால் வந்ததா? இதற்கு உருளைக்கிழங்கு பதில் சொல்கிறது. காசலும் பெர்கரும் 1993இல் ஒரே பூச்சியை, பச்சைப் பீச் அசுவினியை, ஒரே பயிரில் மூன்று வைரஸ்களோடு விட்டுப் பார்த்தார்கள். பூச்சியின் உடலுக்குள் சுற்றி வரும் இலைச்சுருள் வைரஸ் தொற்றிய செடியில் அசுவினி மிக வேகமாகப் பெருகியது. ஊசி நுனியில் ஒட்டும் ஒய் வைரஸ் தொற்றியதில் நடுத்தரம். பூச்சியே தேவைப்படாமல் கையிலும் கத்தியிலும் உரசிப் பரவும் எக்ஸ் வைரஸ் தொற்றியதில் கடைசி, நல்ல செடியில் பெருகிய அளவுதான். அதாவது, பூச்சியை எவ்வளவு நம்பியிருக்கிறதோ அவ்வளவு உபசாரம். தமிழ்நாட்டில் கீழ்ப்பழனி மலையின் விருப்பாச்சி வாழையைச் சீரழித்த முடிக்கொத்து நோயும் அசுவினியால் பரவுவதுதான், ஆனால் உடலுக்குள் சுற்றும் வகை. அசுவினி என்றாலே ‘தொட்டுவிட்டு ஓடுகிறவன்’ என்று முத்திரை குத்த முடியாது.

கொஞ்சம் விலகிப் போகிறேன். மிளகாய், தக்காளி வைரஸ்களின் இந்த இரண்டு குடும்பமும் மனித வரலாற்றில் அழகின் வேடத்தில்தான் முதலில் தலைகாட்டின. பதினேழாம் நூற்றாண்டு ஒல்லாந்தில் வீட்டு விலைக்கு விற்ற வரிபோட்ட டியூலிப் மலர்களின் வரிகள், மிளகாய் நரம்புத் தேமல் வைரஸின் குடும்பத்தைச் சேர்ந்த, அசுவினி சுமக்கும் ஒரு வைரஸ் போட்ட கோலம். 1637இல் அந்தச் சந்தை விழுந்தது. அந்த வரி தொற்றக்கூடியது என்று டோரதி கெய்லி நிரூபித்தது 1928இல். தக்காளிச் சுருட்டையின் சொந்தம் இன்னும் பழையது. ஜப்பானியப் பேரரசி கோக்கென் 752இல், கோடையிலேயே மஞ்சளித்த ஒரு செடியைப் பாட்டில் வைத்தார். அது வெள்ளை ஈ பரப்பும் வைரஸ் நோயின் மிகப் பழைய எழுத்துப் பதிவு என்று 2003இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். நோயைப் பார்த்து ரசிப்பதில் நமக்கும் அந்த அசுவினிக்கும் பெரிய வித்தியாசம் இல்லைபோலும்.

திரும்பவும் மலைக்கு. சின்னம்மா வீட்டு வேலிக்கு அப்பால் தேயிலை. 1929இல் ரசல் என்ற ஆங்கிலேயர் தொடங்கிய போ நிறுவனத்தின் முதல் தோட்டமே ஹாபுவில்தான். அன்றிலிருந்து நம்மவர் நிரை பிடித்த சரிவுகள். இன்று கொழுந்தெடுப்பவர்களில் பெரும்பாலோர் வங்காளதேசத்தவரும் நேபாளியரும். மிளகாயிலும் தக்காளியிலும் இத்தனை ஆட்டம் நடக்கும்போது எதிரே தேயிலை மட்டும் ஏன் சும்மா இருக்கிறது? தேயிலைக்கும் கறுப்பு அசுவினி உண்டு. இளந்தளிரின் அடியில் கொத்தாக உட்காரும். எலுமிச்சை இனத்தில் வைரஸ் சுமக்கும் அதே பூச்சிதான் அது. ஆனாலும் தேயிலையில் வைரஸ் நோய்கள் மிகக் குறைவு. இலங்கையில் பாண்ட் என்ற நோயியலாளர் 1940களில் மலைத் தேயிலையின் சாற்றுக்குழாய் கருகும் ஒரு வைரஸ் நோயை விவரித்தார். ஒட்டுக்கட்டினால் அது தொற்றியது. சுமந்து செல்லும் பூச்சி மட்டும் அகப்படவில்லை. தேயிலையைப் பற்றிச் சொல்ல எனக்கு இருப்பது அதனால் வைரஸ் இல்லை, வாசம்.

தைவானில் ‘கிழக்கின் அழகி’ என்று ஒரு தேநீர் உண்டு. பச்சைத் தத்துப்பூச்சி கடித்த கொழுந்தில்தான் அதைச் செய்கிறார்கள். கடிபட்ட தேயிலை டெர்பீன் என்ற மணப்பொருள் வகைகளைக் கூடுதலாகச் சுரக்கிறது. நாம் காசு கொடுத்து வாங்கும் அந்தத் தேன்பழ வாசம், கடிபட்ட செடி போட்ட கூச்சல். தத்துப்பூச்சியை வேட்டையாடும் சிலந்தியையும் பிற பூச்சிகளையும் கூப்பிடவும், கடிக்கிறவனுக்கு எரிச்சல் மூட்டவும் செடிகள் கையாளும் மொழி இந்த டெர்பீன்தான்.

இலைச்சுருட்டை வைரஸ் முதலில் கைவைப்பது இந்த மொழியில். அந்த வைரஸோடு பல நேரம் துணைக்கோள் மாதிரி ஒரு சிறு மரபணுத் துண்டு ஒட்டி வரும். அது செய்யும் ஒரே புரதம், செடியின் தற்காப்பை முடுக்கும் மையச் சாவியைப் பிடித்துக்கொள்கிறது. டெர்பீன் சுரப்பு குறைகிறது, வெள்ளை ஈ நிம்மதியாகக் குடிக்கிறது. தேயிலை கூவுவதால் நமக்கு மணம். தக்காளிக் குடும்பத்துச் செடி வாயடைக்கப்பட்டதால் ஈக்குச் சோறு. இந்தத் துணைக்கோளின் வேலையைத் தெளிவாகக் காட்டிய முதல் செடிகளில் ஒன்று எது தெரியுமா? சிங்கப்பூரிலிருந்து எடுத்த ஆஜெரேட்டம் களை. மலாய்க்காரர் ரும்புட் தாஹி ஆயாம், கோழிப்பீப் புல், என்று சொல்கிற, ஊதாப் பூப்பூக்கும் நாற்றக்களை. அது 2000ஆம் ஆண்டு. தேயிலை வரிசைகளுக்கிடையே, சாலையோரத்தில், சின்னம்மாவின் வேலியடியில் எங்கும் அது நிற்கிறது. மஞ்சள் நரம்போடு நின்றால் பார்க்க அழகாகவே இருக்கும்.

இவ்வளவும் சொன்னபின், இதையெல்லாம் விதியாக்கிவிட எனக்கு மனமில்லை. ‘ஒட்டிச் செல்வது விரட்டும், சுற்றிச் செல்வது தங்கவைக்கும்’ என்பது பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது தெரிந்த போக்கு, அவ்வளவுதான். அதே வெள்ளரித் தேமல் வைரஸைப் புகையிலையில் வைத்துப் பார்த்தபோது அசுவினி நன்றாகவே வாழ்ந்தது. அதன் ஒரு புரதத்தை எடுத்துவிட்டால்தான் செடி அசுவினியை எதிர்த்துக் கொன்றது. வைரஸ் ‘திட்டம் போடுகிறது’ என்று நானும் மேலே எழுதிவிட்டேன். திட்டம் போட அதற்குத் தலை ஏது? எந்த மாற்றம் பரவலுக்கு உதவியதோ அது தங்கியது, மற்றது ஒழிந்தது. ஆனால் பூச்சியின் நடத்தையையே வைரஸ் மாற்றுவதையும் கண்டிருக்கிறார்கள். கோதுமையில் மஞ்சள் குட்டை வைரஸைச் சுமக்கும் அசுவினியை வைத்து ஐடஹோ பல்கலைக்கழகத்தார் 2012இல் காட்டியது அது: வைரஸ் ஏறாத அசுவினி நோயுற்ற கோதுமையை விரும்பியது, வைரஸ் ஏறிய பின் அதே பூச்சி நல்ல கோதுமைக்கு மாறியது. இதைப் படித்த இரவில் வைரஸுக்குத் தலை இல்லை என்பதை எனக்கு நானே இரண்டு தடவை சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது.

சின்னம்மாவின் கேள்விக்கு இப்போது பதில் எளிது. வெள்ளை ஈ நோயைக் கொடுக்க உட்கார்ந்து ஊசி இறக்கி நெடுநேரம் குடிக்க வேண்டும். அதற்குள் மருந்து அதைக் கொன்றுவிட வாய்ப்பு இருக்கிறது; வலை அதை வாசலிலேயே நிறுத்துகிறது. அதனால்தான் தாப்பாவில் பலித்தது. மருந்துக்கு அசையாத ஈ வகைகள் உலகெங்கும் பெருகிவிட்டதால் அதுவும் எத்தனை நாளைக்கோ. மிளகாயில் அசுவினி சாவதற்கு முன்பே சில நொடியில் வேலை முடிந்துவிடுகிறது. மருந்தின் நெடி தாங்காமல் எழும்பி அலையும் அசுவினி, ஒரே இடத்தில் குடித்துக் கிடப்பதை விட அதிகச் செடிகளைத் தொடவும் கூடும். சாம்பல் தூவுவதையும் நான் இதே சந்தேகத்தோடுதான் பார்க்கிறேன். நம் பாட்டிமார் தூவிய சாம்பல் அசுவினியை இலையிலிருந்து இறக்கியிருக்கும். இறங்கியது எங்கே போய் ருசிபார்த்தது என்று யார் கண்டார்கள்?

ஒட்டிச் செல்லும் வைரஸுக்கு எதிராக ஓரளவு உதவுபவை கொல்லாத வழிகள். செடியில் கனிம எண்ணெய் தெளித்தால் ஊசி நுனியில் வைரஸ் ஒட்டுவது குறைகிறது. இது 1960களிலிருந்தே தெரிந்த விஷயம். சுற்றிலும் நாலு வரிசை சோளம் நட்டால் அசுவினி முதலில் அதில் இறங்கி ஊசியைத் துடைத்துக்கொண்டு உள்ளே வரும். வெள்ளி நிற விரிப்பைப் பாத்தியில் போட்டால் கீழிருந்து அடிக்கும் வெளிச்சத்தில் பறந்து வரும் அசுவினிக்கு வானம் எது, தரை எது என்று குழம்புகிறது, இறங்காமல் போய்விடும். நோய் கண்ட செடியை முதல் நாளே பிடுங்குவது இரண்டு வீட்டுக்கும் பொது.

பிடுங்கச் சொன்னதைச் சின்னம்மா கேட்கவில்லை. “காய்க்குதில்ல, இருக்கட்டும்” என்றார். விரிப்பு மட்டும் அவருக்குப் பிடித்திருந்தது. பக்கத்துக் காய்கறித் தோட்டத்தில் கழித்துப்போட்ட வெள்ளி விரிப்புத் துண்டுகளை வாங்கி வந்து, செடிக்குச் செடி ஓட்டை போட்டு, கல் வைத்து அழுத்தினோம். மழை விட்டு வெயில் வந்தபோது வெளிச்சம் கீழிருந்து மேலே அடித்து, இலைகளின் அடிப்பக்கம் பளிச்சென்று தெரிந்தது. சின்னம்மா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, இலையைத் திருப்பாமலே அசுவினியை எண்ண ஆரம்பித்தார்.